பெனரில் இல்லாத பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் பயோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் எங்களைத் திட்டுங்கள், பரவாயில்லை.

பெறுபேறு வந்த மறுநாளே சந்தியில் பெனர் ஏறிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் படம். அதற்குக் கீழே "மருத்துவ பீடத்துக்குத் தெரிவு". அதற்கும் கீழே, படத்தைவிடப் பெரிய எழுத்தில் வாழ்த்துகின்றவர்களின் பெயர்கள். வெட்டுப்புள்ளி வெளிவர இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் பெனர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை முந்திக்கொண்டு தெரிவு செய்துவிட்டது. மாஷா அல்லாஹ். அந்த இரண்டு பிள்ளைகளும் எங்களிடம் படித்தவர்கள்தான். அவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

அதே வகுப்பில் 34 பேர் இருந்தார்கள். இந்தப் பதிவு மற்ற 32 பேரைப் பற்றியது.

அந்த 32 பேரும் ஆறாம் ஆண்டிலிருந்து "பெரியவளானா என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டால் "டொக்டர்" என்று சொன்ன பிள்ளைகள். சொல்லவைத்தவர்கள் நாம். சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்தால் பயோ, 7 ஏ எடுத்தாலும் பயோ, விஞ்ஞானத்தில் பீ எடுத்தால்கூட வாப்பா அதிபரின் அறைக்கு வந்து கெஞ்சி பயோ. இரண்டரை வருடம் ரியூசன், இரவு வகுப்பு, கடன், உம்மாவின் காப்பு. பிறகு பெறுபேறு வருகிறது. இரண்டு பேரை ஊர் தோளில் தூக்குகிறது. மீதிப் பேரைப் பார்த்து நாம் சொல்ல வைத்திருப்பது ஒரே ஒரு வசனம்: "இன்னொருக்கா எடுங்க மகள்."

அப்படிச் சொல்லப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். இரண்டு பீ, ஒரு சீ எடுத்தவள். அவளுடைய மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். பத்தாம் வகுப்பிலிருந்தே அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியது அவள்தான். கிளினிக் கொப்பியைப் பார்த்து எந்த மருந்து எப்போது என்று சொல்லுவாள். வகுப்பில் சலரோகம் பற்றிப் படிப்பித்தபோது, பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்டவளும் அவள்தான். அப்படிப்பட்ட பிள்ளையை முதல் தடவை பெறுபேற்றோடு உட்காரவைத்து, "உனக்கு முன்னால் எத்தனை கதவு இருக்கிறது தெரியுமா?" என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தை ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிரப்பினாள். மெடிசின், டென்டல் இரண்டையும் மட்டும் எழுதினாள். எழுதாத கற்கைநெறி எவருக்கும் கிடைப்பதில்லை. அவளுக்கும் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. மூன்றாவது பெறுபேறு முதலாவதைவிடக் குறைவு. இன்று ஒரு தனியார் சனலிங் சென்டரில் நம்பர் எழுதிக் கொடுக்கிறாள்.

அவளிடம் "இன்னொருக்கா எடு" என்று சொன்னவர்கள் ரியூசன் மாஸ்டர்மாரும் அவளுடைய மாமாமாரும் மட்டுமல்ல. முதலில் சொன்னவர்கள் நாங்கள். அவளுடைய ஆசிரியர்கள்.

வழிகாட்டல் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தோமே! வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு. ஊரில் பிறந்து கொழும்பில் இருக்கும் ஒரு விசேட வைத்திய நிபுணர் வருவார். பொன்னாடை, நினைவுச் சின்னம், பழைய மாணவர் சங்கத் தலைவரின் முக்கால் மணித்தியால உரை. பிறகு டொக்டர் எழும்பி, தான் எப்படி இரவு இரண்டு மணிவரை படித்தார், எப்படிக் குப்பி விளக்கில் படித்தார் என்று சொல்லுவார். "கனவு காணுங்கள்" என்பார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். சோற்றுப் பார்சல். குரூப் போட்டோ. அன்று இரவே பேஸ்புக்கில் படம். அந்த டொக்டர்மார் மீது எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, விடுமுறை நாளைச் செலவழித்து வருகிறார்கள். ஆனால் இது வழிகாட்டலா? வென்ற ஒருவர் தான் வென்ற கதையைச் சொல்லிவிட்டுப் போவது. அந்தக் கதையில் 32 பேருக்கு என்ன இருக்கிறது?

அந்த மேடையில் இதுவரை ஒரு மருந்தாளரை ஏற்றியிருக்கிறோமா? ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எம்.எல்.ரி. ஒருவர் ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் எங்கள் பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்கிறார். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர். அவரை ஒரு தடவையாவது கூப்பிட்டு, "நானா, ஒரு நாளைக்கு என்ன செய்றீங்க, எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க, பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்று கேட்டோமா? எக்ஸ்ரே எடுப்பவரை? பக்கவாதம் வந்தவரைத் திரும்ப நடக்கவைக்கும் பிசியோவை? டெங்கு வந்தால் வீடு வீடாக வரும் பீ.எச்.ஐ.யை? அவர் வந்தால் மட்டும் கேற்றைப் பூட்டிக்கொள்ளத் தெரியும் நமக்கு.

பேராதனையில் மருத்துவத்தோடு சேர்ந்த சுகாதாரத் துறைகளுக்கென்றே ஒரு தனிப் பீடம் இருக்கிறது. தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், பிசியோதெரபி, ரேடியோகிராபி எல்லாம் அங்கே பட்டப்படிப்பு. யாழ்ப்பாணத்திலும் இவற்றில் சில உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் ராஜகிரியவில் யூனானி வைத்தியப் பட்டம் இருக்கிறது. முஸ்லிம்களின் வைத்தியம் என்று மேடையில் பெருமை பேசுகிறோமே, அதே யூனானிதான். மிருக வைத்தியத்துக்கும் பேராதனையில் பீடம். (குர்பானிக் காலத்தில் மாட்டுக்கு வருத்தம் வந்தால் யாரைத் தேடுகிறோம்?) இவையெல்லாம் அனுமதிக் கைந்நூலில் அச்சடித்துக் கிடக்கின்றன. வருடா வருடம் புதிதாக வருகிற அந்தப் புத்தகத்தை முழுமையாக வாசித்த உயர்தர ஆசிரியர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் எங்கள் ஸ்டாப் ரூமில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மாவட்டக் கோட்டாவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அம்பாறையும் மட்டக்களப்பும் திருகோணமலையும் மன்னாரும் புத்தளமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. "எங்கட மாவட்டத்துக்கு லேசு" என்று பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லியே மூன்று தடவையும் எடுக்கவைக்கிறோம். பக்கத்துப் பாடசாலையில் இருக்கும் பிள்ளையின் வாப்பாவும் தன் பிள்ளைக்கு அதையேதான் சொல்கிறார் என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

படிவம் நிரப்பும்போது இன்னொரு பயம். "கீழே உள்ளதை எழுதினால் அதைத் தந்துவிடுவார்கள், பிறகு மெடிசின் இல்லாமல் போய்விடும்." எழுதுவது வேறு, போய்ப் பதிவது வேறு. விருப்ப வரிசையில் மெடிசினை முதலில் எழுதி, பிறகு மற்றதை எழுதினால் மெடிசினுக்கு ஒரு குறையும் வராது. இந்தச் சின்ன விசயம் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் வெறும் கையோடு நின்றார்கள்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம்.

நம் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போனால் நாம் முதலில் கேட்கும் கேள்வி எது? "பொம்பிளை டொக்டரா? பொம்பிளை நேர்ஸா? முஸ்லிம் ஆக்கள் யாரும் இருக்காங்களா?" கேட்பதில் பிழை இல்லை. அது நம் உரிமை. ஆனால் அந்த முஸ்லிம் நேர்ஸ் எங்கிருந்து வர வேண்டும்? வானத்திலிருந்தா? உங்கள் மகள் போகக் கூடாது, என் மகள் போகக் கூடாது, நம் மருமகள் போகவே கூடாது. ஆனால் லேபர் ரூமில் ஒருத்தி நிற்க வேண்டும். கர்ப்பிணித் தாயைத் தேடி வீட்டுக்கு வரும் மிட்வைஃப், உம்மாவின் மொழியில் பேச வேண்டும், உம்மாவின் வெட்கம் புரிந்தவளாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரினால் எந்த வீட்டிலும் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வருகிறது என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது.

அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பு. படிக்கும் காலத்திலேயே கொடுப்பனவு. முடிந்ததும் அரச சேவை. மட்டக்களப்பில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, கண்டியில் இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேறும் பார்ப்பார்கள். "பயோவுக்கு இங்கிலீஷ் எதுக்கு" என்று சாதாரண தரத்தில் அதைக் கைவிட்ட பிள்ளைகள் இங்கே வந்து முட்டுகிறார்கள். வயதெல்லையும் உண்டு. மூன்றாம் தடவைப் பெறுபேறு வந்து, அழுது முடித்து, கண்ணைத் துடைத்துப் பார்க்கும்போது பிள்ளைக்கு 22, 23. அந்த வருட விண்ணப்பம் முடிந்திருக்கும். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"நேர்ஸ் வேலை நமக்குச் சரிவராது, நைட் டியூட்டி" என்பார்கள். மச்சான், அப்படியென்றால் டொக்டருக்கு நைட் டியூட்டி இல்லையா? ஐந்து வருடம் பீடம், ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அந்த ஒரு வருடம் இரவும் பகலும் வார்ட்டில்தான். மகள் டொக்டராக இரவில் நின்றால் பெருமை, நேர்ஸாக நின்றால் மானம் போகிறது. அப்படியானால் பிரச்சினை இரவு அல்ல. கலியாணச் சந்தையில் டொக்டர் மாப்பிள்ளைக்கும் டொக்டர் பெண்ணுக்கும் ஒரு விலை, நேர்ஸுக்கு இன்னொரு விலை. அதை மார்க்கத்தின் மீது போடாதீர்கள்.

மார்க்கம் என்றே பேசுவோம். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யாருடைய கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் சொன்னார்கள்? ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில். காயத்துக்கு மருந்து கட்டுவதையே தன் பணியாக்கிக்கொண்ட ஸஹாபிப் பெண். இது நம் அஹதிய்யாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சம்பவம்தான். மேடையில் "இஸ்லாத்தின் முதல் தாதி" என்று சொல்லிக் கைதட்டு வாங்குவோம். வீட்டுக்குப் போய் மகளிடம் "நேர்ஸிங் வேணாம்" என்போம்.

இன்னும் ஒன்று. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நம் ஊர்களிலிருந்து எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்? வறுமைக்காகப் போன அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்கள் வகுப்பிலேயே அவர்கள் அனுப்பும் காசில் ரியூசன் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கடல் தாண்டி, மஹ்ரம் இல்லாமல், யாரென்றே தெரியாத வீட்டுக்குப் போவதைப் பொறுத்துக்கொண்ட சமூகம், அந்தத் தாயின் மகள் அரச சம்பளத்தோடு, ஓய்வூதியத்தோடு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக நிற்பதை மட்டும் ஏன் பொறுக்க மாட்டேன் என்கிறது?

சீருடைப் பிரச்சினை இருக்கிறது. மறைக்கவில்லை. ஹிஜாபோடு கடமை செய்ய முடியுமா என்பது நம் பிள்ளைகளின் மனதில் உள்ள உண்மையான கேள்வி. அது பேசித் தீர்க்கப்பட வேண்டியது, பேச வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். ஆனால் ஒரு பயிற்சிக் கல்லூரியில் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் பயந்து பயந்து கேட்பதும், ஐம்பது பேர் சேர்ந்து கேட்பதும் ஒன்றா? முதலில் பிரச்சினை தீரட்டும், பிறகு பிள்ளையை அனுப்புகிறோம் என்றால், தீர்க்கச் சொல்லி உள்ளே இருந்து கேட்க யார் இருப்பார்கள்?

2019 இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது சுமத்தப்பட்ட பழியையும் நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சில பெற்றோர் எங்களிடமே வந்து கேட்டார்கள், "சேர், இந்தத் துறை நம்மட புள்ளைகளுக்குப் பாதுகாப்பா?" என்று. நியாயமான பயம். ஆனால் பயத்தில் ஒதுங்கினால் என்ன நடக்கும்? 2020 இல், கொவிட் காலத்தில், தமிழ் மட்டும் தெரிந்த நம் வயோதிபர்கள் தூர இடத்துத் தனிமைப்படுத்தல் வார்ட்டுகளில் கிடந்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கவும் சிங்களம் தெரியவில்லை. வீட்டாரோ போனில் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வார்ட்டில் நம்மவர் ஒருவர், அது ஒரு உதவியாளராக இருந்தாலும் சரி, இருந்திருந்தால் என்று நினைக்காத குடும்பம் உண்டா?

சிங்களம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சுகாதாரத் துறைக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும் நியமனம் பொலன்னறுவையிலோ மொனராகலையிலோ கிடைக்கலாம். நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்கத் தெரிய வேண்டும். ஆறாம் ஆண்டிலிருந்து இரண்டாம் மொழி என்று ஒரு பாடம் நேரசூசியில் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் அந்தப் பாடவேளைதான் மற்றப் பாடங்கள் பிந்தினால் முதலில் பறிபோகும். அதற்கும் பொறுப்பு நாங்கள்தான், வலயக் கல்விப் பணிமனை அல்ல.

நாங்கள் காட்டாத வழியை வேறு ஆட்கள் காட்டுகிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ரவுனில் ஏதாவது ஒரு கடைக்கு மேல்மாடியில் "சர்வதேச நேர்சிங் டிப்ளோமா, ஆறு மாதம்" என்று போர்ட் இருக்கும். வெள்ளை உடுப்பு, ஸ்டெதஸ்கோப், பட்டமளிப்பு விழா எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றுதான், அங்கீகாரம். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலோடு அனுப்புவார்கள். தனியார் இடத்தில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு உதவியாளர் வேலை. பெற்றோரே, காசு கட்டுவதற்கு முன் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த நிறுவனமும் இந்தப் பாடநெறியும் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா? இது என்.வீ.கியூ. எத்தனையாம் மட்டம்? பதில் சொல்லாமல் தேநீர் தந்தால் எழும்பி வந்துவிடுங்கள். பதிவு இருந்தாலும்கூட அது பராமரிப்பு உதவியாளருக்கான படிப்பா, தாதியாகப் பதிவு செய்யத் தகுதி தரும் படிப்பா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

வெளிநாட்டு மெடிசின் ஏஜென்ட்மாருக்கும் இதே கதை. காணியை விற்று மகனை அனுப்பும் வாப்பாவிடம் அவர்கள் சொல்லாதது இதுதான்: அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையால் ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும், படித்து முடித்துத் திரும்பினால் இங்கே ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேற வேண்டும். தேறி வந்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. வருடக்கணக்காக அந்தப் பரீட்சையோடு மாரடிப்பவர்களும் உண்டு. ஏஜென்ட் முதல் ஆளின் போட்டோவை மட்டும் காட்டுவார்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. போன வருடம் முதல் தடவையாக, பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் 14 பேரை அனுமதி எடுத்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டொக்டரைப் பார்க்க அல்ல. ஆய்வுகூடம், மருந்தகம், எக்ஸ்ரே அறை, பிசியோ பிரிவு. "நான் டொக்டர்தான்" என்று அடித்துச் சொன்ன ஒரு பையன், இரத்தம் எடுப்பதைப் பார்த்ததும் மயங்கிக் கதிரையில் சரிந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எம்.எல்.ரி. அவனை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருத்தி, கலங்களைக் காட்டினார். அரை மணித்தியாலம் அவன் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. இப்போது அவனுக்குத் தன் இடம் எது என்று ஓரளவு தெரிகிறது, 16 வயதில். மூன்றாம் தடவைக்குப் பிறகு 22 வயதில் அல்ல.

அன்று பிள்ளைகளோடு பேசிய ஒரு நேர்ஸ், சிங்களச் சகோதரி, போகும்போது எங்களிடம் கேட்டார்: "சேர், உங்கள் ஆட்கள் இந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு பேர் வருகிறார்கள். வேலைக்கு மட்டும் ஏன் வருவதில்லை?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பின் சீற்றில் இரண்டு மாணவிகள் இதையேதான் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "எனக்கு ஆசைதான். வாப்பா விடமாட்டார்."

அந்த வாப்பா இதை வாசிப்பார் என்று நினைக்கிறோம். அவர் எங்கள் நண்பர்தான்.

இம்முறை அனுமதிக் கைந்நூல் வெளிவந்து படிவம் திறந்ததும், வருகிற முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தைத் திறந்து வைப்போம், இன்ஷா அல்லாஹ். கொமியூனிகேஷனுக்குப் போகாதீர்கள். பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டை, ஒரு பேனை போதும். ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக உட்கார்ந்து, விருப்ப வரிசை முழுவதையும் எழுதி முடிக்கும்வரை ஆய்வுகூடத்தைப் பூட்ட மாட்டோம். எம்.எல்.ரி. நானாவும் ஒரு மருந்தாளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெனரில் இருக்கும் இரண்டு பிள்ளைகளும் வரலாம், ஆனால் அவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும். உம்மா, வாப்பா இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள். பிளேன்ரீ தருவோம், பொன்னாடை கிடையாது.